சீம்பாலும் என் மகளின் குடலும்

சிசேரியனில் பிறந்த மகளோடு ஆரையம்பதி வீட்டுக்கு வந்த அன்றே, "தொண்டை வறளும் மகள், கொஞ்சம் சீனித் தண்ணி கொடுங்க" என்று அம்மா தொடங்கிவிட்டார். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது என்று மருத்துவமாது உறுதியாகச் சொன்னதால், அதற்கான காரணத்தைத் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, "கிருமி" என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வேறுபட்ட உயிர்களை அடைத்து வைத்திருக்கிறோம் என்பது புரிந்தது.

கருவின் கடைசி மாதங்களில் தாயின் ஐ.ஜி.ஜி வகைப் பிறபொருளெதிரிகள் (நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள்) சூல்வித்தகத்தை, அதாவது நஞ்சுக்கொடியை, கடந்து குழந்தையின் குருதியைச் சேர்கின்றன. பிறந்தபின் அவை மெல்லக் குறைகின்றன. அவற்றின் எச்சம் தடுப்பூசியின் பலனைக் குறைக்கும் என்பதும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான எம்.எம்.ஆர் ஊசி இலங்கையில் 9 மாதம் வரை காத்திருப்பதற்கு ஒரு காரணம்.

குடலின் நிலை வேறு. பிறந்த குழந்தையின் குடல் தனக்குரிய ஐ.ஜி.ஏ என்னும் இன்னொரு வகைப் பிறபொருளெதிரியை அநேகமாகச் சுரப்பதில்லை. பக்றீரியாக்கள் குடியேறிய பின்னரே, அவற்றின் தூண்டுதலால், அந்த ஆற்றல் வாரக்கணக்கில் வளர்கிறது. அதுவரையான வெறுமையை, முதல் நாட்களில் சுரக்கும் சீம்பால் நிரப்புகிறது. தாயின் குடலில் பழகிய நிர்ப்பீடன (நோயெதிர்ப்பு) கலங்கள் மார்பகத்துக்கு இடம்பெயர்ந்து ஐ.ஜி.ஏயைச் சுரப்பதால், எங்கள் கிணற்றிலும் அடுக்களையிலும் என் குடல் சந்தித்த நுண்ணுயிர்களுக்கு எதிரான காவல் பால்வழியே மகளுக்கும் போய்ச் சேர்கிறது.

அந்தக் காவல் பெரும்பாலும் பக்றீரியாவைக் கொல்வதில்லை, போர்த்திக் குடற்சுவரில் ஒட்டவிடாமல் தடுக்கிறது என்பது எனக்குப் புதிது. அதைவிட வியப்பு, 2018இல் வெளிவந்த எலி ஆய்வொன்றில், பாக்டிரொயிட்ஸ் பிராஜிலிஸ் என்னும், குடலில் இயல்பாக வாழும் பக்றீரியா அதே ஐ.ஜி.ஏயைப் பிடிமானமாக்கிக் குடலின் சளிப்படையில் நிலைத்துக் குடியேறியது. சிசேரியன் குழந்தைகளிடம் முதல் மாதங்களில் இந்தப் பாக்டிரொயிட்ஸ் வகைப் பக்றீரியாக்கள் குறைவு என்று வாசித்தபோது கலங்கினேன். ஆனால் தாய்ப்பாலில் குழந்தையால் சமிக்க முடியாத சர்க்கரைகள் நிறைய உள்ளன. அவை குழந்தைக்கு நன்மை செய்யும் பிபிடோ பக்றீரியாவுக்கான தீனி என்று அறிந்தது சற்று ஆறுதல் தந்தது.

இவற்றையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். படுவான்கரையில் மாடுகளோடு வளர்ந்த அவர், "முதற்பால் குடியாத கன்று தேறாதே" என்றார். உண்மைதான், கன்றுக்குச் சூல்வித்தகம் வழியே பிறபொருளெதிரி கிடைப்பதில்லை, முதல் நாளில் குடிக்கும் கடும்புப்பாலிலிருந்தே அதைக் குருதிக்குள் உறிஞ்சிக்கொள்கிறது. சீனித் தண்ணீர்ப் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.