பத்துக் கட்டங்களும் ஒரு மழைமானியும்: காலேஜ் அப்ளிகேஷன் அனுபவம்

மார்ச் கடைசியோடு எல்லா முடிவுகளும் வந்துவிட்டன. அமெரிக்காவில் ஒன்பது கல்லூரிகளுக்குப் போட்டேன். நான்கில் இடம் கிடைத்தது, ஒன்றில் வெயிட்லிஸ்ட், நான்கில் இல்லை. இல்லை என்றவற்றில் முதலாவது நான் ஏர்லி டிசிஷன் (இடம் கிடைத்தால் அங்கேயே சேருவேன் என்று ஒப்புக்கொண்டு முன்கூட்டியே விண்ணப்பிப்பது) போட்ட கல்லூரி. அது டிசம்பர் நடுவிலேயே வந்துவிட்டது. அன்று இரவு அம்மா சாப்பாட்டை ரூமுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள்.

அந்த டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் என் மார்க் மாறவில்லை, எஸ்ஏடி தேர்வு ஸ்கோர் மாறவில்லை, மெயின் எஸ்ஸே ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது ஆக்டிவிட்டி பக்கம் மட்டும்தான், அதாவது பாடத்துக்கு வெளியே செய்பவற்றைப் பத்துக் கட்டங்களில் எழுதும் பக்கம். கல்லூரிகள் வேறு வேறு, ஒப்பிடக் கூடாது என்று ஸ்கூல் கவுன்சலர் சொல்கிறார். நான் ஏற்கவில்லை. அந்தப் பக்கத்தை நான் எழுதிய விதம்தான் முதல் முறை என்னைக் கவிழ்த்தது என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். தென்காசிப் பக்கம் கடையத்தில் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு 2019 ஜூனில் நியூ ஜெர்சிக்கு வந்தேன். அப்பாவுக்கு எச்-1பி என்ற வேலை விசா, அம்மா, தம்பி, நான் மூவருக்கும் அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசா. ராரிட்டன் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மெண்ட். கூட்டத்தில் பேச எனக்கு வராது. இங்கே வந்த பிறகு இன்னும் குறைந்துபோனது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. கீழே நான் சொல்லும் அறிவுரை எல்லாம் என்னைப் போன்றவர்களுக்குத்தான் சரியாக இருக்கும்.

நைன்த் கிரேடு தொடங்கிய சமயம், 2021 செப்டம்பர் 1 ராத்திரி, ஐடா புயலின் மிச்சம் எங்கள் பக்கம் வந்தது. எங்கள் மாநிலத்து நூவர்க் நகரில் அந்த ஒரே நாளில் 8.41 அங்குலம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு மணி நேரத்தில் 3.15 அங்குலம். மேன்வில், பவுண்ட் புரூக் எல்லாம் தண்ணீருக்குள். எங்கள் பார்க்கிங்கில் நின்ற கார்களில் சீட் வரைக்கும் சேறு. மறுநாள் ஊரிலிருந்து தாத்தா போனில் கேட்டார்: "எத்தனை உழவு மழைட்டி பேஞ்சுது?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நூவர்க் கணக்கு இருக்கிறது, எங்கள் தெருக் கணக்கு இல்லை. தாத்தா மழை விட்டதும் மண்வெட்டியோடு போய் ஒரு கொத்துக் கொத்தி, ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, ஒரு உழவு, அரை உழவு என்று சொல்லிவிடுவார்.

எர்த் சயின்ஸ் டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் கோகோராஸ் என்ற தன்னார்வலர் அமைப்பைக் காட்டினார். 1997 ஜூலையில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் வெள்ளம் வந்து ஐந்து பேர் இறந்தார்கள். ஊரின் ஒரு முனையில் கொட்டிய மழை மறுமுனைக்குத் தெரியவே இல்லை. அதற்குப் பிறகு 1998-ல் தொடங்கியது அது. நான்கு அங்குல வாய் உள்ள பிளாஸ்டிக் மழைமானி ஒன்று வாங்க வேண்டும். உள்ளே மெல்லிய குழாய். அதன் பரப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒன்று என்பதால் ஒரு அங்குல மழை பத்து அங்குல உயரமாக நிற்கும். நூற்றில் ஒரு அங்குலம் வரை கண்ணால் படிக்கலாம். தினமும் காலை ஏழு மணிக்குப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். மழையே இல்லாத நாளிலும் 0.00 என்று போட வேண்டும். போடாவிட்டால் மழை இல்லையா, ஆள் பார்க்கவில்லையா என்று யாருக்கும் தெரியாது.

2021 அக்டோபரில் ஆரம்பித்தேன். அபார்ட்மெண்ட் மேனேஜரிடம் அனுமதி வாங்கவே மூன்று வாரம் ஆனது. பனிக்காலத்தில் புனலையும் உள்குழாயையும் எடுத்துவிட்டு, விழுந்த பனியை வீட்டுக்குள் கொண்டுவந்து உருக்கி அளக்க வேண்டும்.

இனி என் தவறு.

டென்த் கிரேடு முடியும்போது கூடப் படிக்கும் எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருந்தது. மாடல் யுஎன் (ஐ.நா. சபை போலக் கூடி விவாதிப்பது), டெக்கா (வணிகப் போட்டி), கீ கிளப் (சேவை மன்றம்), சயின்ஸ் ஒலிம்பியாட், டிபேட். அரங்கேற்றத்துக்குத் தேதி குறித்தவர்கள் இரண்டு பேர். அப்பா பயந்துபோய் ஒரு தனியார் ஆலோசகரிடம் அழைத்துப் போனார். மணிக்கு 250 டாலர். அவர் மழைமானியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "லீடர்ஷிப் இல்லை, ஏதாவது நான்-ப்ராஃபிட் (லாப நோக்கில்லாத அமைப்பு) ஆரம்பி" என்றார். ஆரம்பித்தேன். நானும் இரண்டு தோழிகளும். பழைய லேப்டாப் சேர்த்துக் கொடுக்கும் திட்டம். வெப்சைட்டுக்கும் லோகோவுக்கும் போன நேரத்தில் பாதிகூட வேலைக்குப் போகவில்லை. மொத்தம் பதினோரு லேப்டாப். பிறகு நின்றுபோனது. மாடல் யுஎன்னில் இரண்டு வருடம் இருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமை கான்ஃபரன்ஸுக்கு முந்தின ராத்திரியும் வயிறு கலங்கும். ஜூனியர் இயரில், அதாவது லெவன்த்தில், ஏழு கிளப். பிடித்த புத்தகம் ஒன்றை முழுசாகப் படித்த ஞாபகம் அந்த வருடம் இல்லை.

அப்ளிகேஷன் எழுத உட்கார்ந்தபோது காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான ஆன்லைன் விண்ணப்பம்) ஒவ்வொரு ஆக்டிவிட்டிக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டது. மழைமானி ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். வாரத்துக்கு ஒரு மணி நேரம். அந்த "1" எனக்கு அவமானமாகத் தெரிந்தது. மற்ற கட்டங்களில் 5, 6 என்று இருந்தது. நான்-ப்ராஃபிட்டை "ஃபவுண்டர்" என்று முதலில் வைத்தேன், மாடல் யுஎன் இரண்டாவது. மழையைப் பத்தாவதாகத் தள்ளினேன். விவரத்தில் "மழைப்பொழிவு அளக்கும் தன்னார்வலர், தினசரித் தரவு சேகரிப்பு" என்பதை ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டேன். விவரத்துக்குக் கொடுத்த 150 கேரக்டரில் பாதிகூட நிரம்பவில்லை.

நோ வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல வெளியே போனேன். அப்பா காபியோடு பின்னாலேயே வந்தார். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நாலு வருசமா இதத்தான செய்யுத. இத எங்க எழுதின?" என்றார்.

"பத்தாவதா."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. குளிரில் அங்கேயே நின்றார்.

மற்ற கல்லூரிகளுக்கு ரெகுலர் டிசிஷனில், அதாவது வழக்கமான சுற்றில், விண்ணப்பிக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஒரு கல்லூரிக்கு அனுப்பிய பிறகும் காமன் ஆப்பில் ஆக்டிவிட்டியைத் திருத்தலாம். அடுத்து அனுப்பும் கல்லூரிகளுக்குத் திருத்தியதுதான் போகும். இது பலருக்குத் தெரியவில்லை, எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் கலைத்தேன்.

மழை முதலாவது. மணி நேரத்தை உள்ளபடி கூட்டினேன். அளப்பது ஒரு மணி. மாதா மாதம் தெருவின் மழைக்கணக்கை வரைந்து லாண்டரி ரூம் பலகையில் ஒட்டுவதும், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டிலில் மழைமானி செய்யக் கற்றுக்கொடுப்பதும் இரண்டு மணி. ஆக மூன்று. இவற்றை நான் செய்துகொண்டுதான் இருந்தேன், ஆக்டிவிட்டி என்று நினைக்கவே இல்லை. விவரத்தில் பெயரடை ஒன்றுகூட இல்லாமல் எழுதினேன்: 2021 அக்டோபரிலிருந்து 1,061 காலைகள், ஐடா வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு முதல் மழைக்கணக்கு, 2024 அக்டோபரில் 29 சைபர்கள்.

அந்த சைபர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் எங்கள் பக்கம் மழையே இல்லை. 1895-லிருந்து உள்ள கணக்கில் நியூ ஜெர்சிக்கு அவ்வளவு வறண்ட மாதம் வேறு கிடையாது. இரண்டு நாள் மட்டும் அளக்க முடியாத தூறல், அதற்கு 'டி' என்று போடுவோம். நவம்பரில் காட்டுத்தீ, மாநிலம் முழுக்க வறட்சி எச்சரிக்கை. ஏர்லி எஸ்ஸேக்களை எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில் தினமும் காலையில் நான் 0.00 போட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் என் அப்ளிகேஷனிலேயே சொல்லத் தகுந்த விஷயம் என்று அப்போது தெரியவில்லை. இடம் கொடுத்த கல்லூரிகளில் ஒன்றின் கடிதத்தில் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார்கள், அந்த 29 சைபர்களைப் பற்றி. அதைப் பிரேம் போட அப்பா வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்றாவது கட்டத்தில் தம்பியை வைத்தேன். அம்மாவுக்கு இங்கே டிரைவிங் இல்லை. ஸ்கூல் விட்டதும் அவனைக் கூட்டிவருவது, ஹோம்வொர்க், டாக்டர் அப்பாயின்ட்மெண்டில் மொழிபெயர்ப்பு எல்லாம் நான்தான். வாரத்துக்குப் பத்து மணி நேரம். காமன் ஆப் பட்டியலிலேயே குடும்பப் பொறுப்பு என்று ஒரு வகை உண்டு. நம் ஆட்கள் இதைத் தொடுவதே இல்லை, வீட்டு வேலையைப் போய் எழுதுவதா என்று கூச்சம். 2016-ல் ஹார்வர்டின் கல்வியியல் பள்ளியிலிருந்து வந்த ஓர் அறிக்கை, குடும்பத்துக்குச் செய்வதையும் கணக்கில் எடுங்கள், எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள் என்று கல்லூரிகளுக்கே சொன்னது. நிறைய கல்லூரிகளின் அட்மிஷன் தலைவர்கள் அதற்கு ஆதரவு தெரிவித்தார்கள். கூச்சப்படாதீர்கள்.

எச்-4 பிள்ளைகளுக்குத் தனியாக:

- சம்பளத்துக்கு வேலை கிடையாது. கூடப் படிப்பவர்கள் ஐஸ்கிரீம் கடையில் சேர்ந்து அதை எழுதுவார்கள், நம்மால் முடியாது. ஏன் முடியாது என்பதைக் காமன் ஆப்பின் அடிஷனல் இன்ஃபர்மேஷன் பகுதியில் இரண்டு வரியில் எழுதுங்கள். எங்கள் வருடம் அதற்கு 650 சொல் இருந்தது. எனக்கு நாற்பது சொல் போதுமாக இருந்தது.
- இலவசமான நல்ல கோடை முகாம்கள் பல குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கும். விண்ணப்பம் நிரப்புமுன் தகுதிப் பக்கத்தைப் படியுங்கள். நான் ஒன்றை முழுசாக எழுதிய பிறகுதான் பார்த்தேன்.
- ஃபாஃப்சா (அமெரிக்க அரசின் கல்விப் பண உதவிக்கான விண்ணப்பம்) நமக்கு இல்லை. பணக்கணக்கை அப்பா அம்மாவோடு லெவன்த்திலேயே பேசிவிடுங்கள், கல்லூரிப் பட்டியல் போட்ட பிறகு வேண்டாம்.
- ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கும் முகாம், கல்லூரி வளாகத்தில் நடக்கிறது என்பதாலேயே அந்தக் கல்லூரி உங்களைத் தேர்ந்தெடுத்தது ஆகிவிடாது.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று கேட்பவர்களுக்கு நான் பார்க்கும் சோதனை ஒன்றுதான். யாரும் பார்க்காதபோதும், கிளப் கலைந்துவிட்டாலும், நீங்கள் அதைச் செய்வீர்களா? மழைமானியை நான் காய்ச்சலோடும் பார்த்திருக்கிறேன். மாடல் யுஎன்னுக்கு லீவு கிடைத்தால் சந்தோஷப்பட்டிருக்கிறேன். நைன்த்திலேயே இந்த வித்தியாசத்தைக் கவனித்திருந்தால் இரண்டு வருட சனிக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும். மேடையில் பேசும்போது உங்களுக்கு உற்சாகம் வருகிறது என்றால் டிபேட்டும் மாடல் யுஎன்னும் உங்களுக்கானவை, தாராளமாகப் போங்கள். எனக்கு வரவில்லை.

பரதம், மிருதங்கம் கற்பவர்கள் என்னிடம் கேட்கிறார்கள், எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் இதையே போடுகிறார்களே என்று. என் தோழி பத்து வருடம் ஆடியவள். அரங்கேற்றத்தைப் பற்றி ஒரு வரிதான் எழுதினாள். மீதி இடம் முழுக்க, முட்டி அடிபட்டு ஆட முடியாத எட்டு மாதம் சின்னப் பிள்ளைகளுக்கு நட்டுவாங்கம் செய்ததைப் பற்றி. நன்றாக வந்தது.

எண்களை மிகைப்படுத்திப் போடாதீர்கள். வாரத்துக்கு 6 மணி, 5 மணி, 8 மணி என்று பத்துக் கட்டத்திலும் போட்டுவிட்டுக் கூட்டிப் பாருங்கள். ஐம்பது, அறுபது வரும். ஸ்கூலும் ஹோம்வொர்க்கும் சாப்பாடும் தூக்கமும் போக அவ்வளவு நேரம் ஒருவருக்கும் இல்லை என்று படிப்பவருக்குத் தெரியும்.

பத்துக் கட்டத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டாவது முறை நான் ஏழுதான் போட்டேன். எம்ஐடியின் சொந்த அப்ளிகேஷன் நான்கே நான்கு ஆக்டிவிட்டிதான் கேட்கிறது. யுசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அப்ளிகேஷன் நேர் எதிர்: விருது, வேலை எல்லாம் சேர்த்து இருபது வரை, ஒவ்வொன்றுக்கும் 350 கேரக்டர். காமன் ஆப்பில் எழுதியதை அப்படியே அங்கே ஒட்டாதீர்கள், இடம் வீணாகும்.

இப்போது லெவன்த்தில் இருப்பவர்கள் இந்த மே மாதமே ஒரு தாளில் கையால் எழுதுங்கள். கிளப் பெயர்கள் வேண்டாம், திங்கள் முதல் ஞாயிறு வரை நேரம் எங்கே போகிறது என்று மட்டும். அதை வீட்டில் ஒருவரிடம் காட்டி, எதை விட்டுவிட்டேன் என்று கேளுங்கள். என் அப்பாவுக்குக் கேரக்டர் கணக்கும் தெரியாது, ஏர்லி டிசிஷனும் தெரியாது. 250 டாலர் ஆலோசகர் பார்க்காததை அவர் பார்த்தார். ஆகஸ்ட் 1-க்குக் காமன் ஆப் திறக்கும்போது அந்தத் தாள் மேஜையில் இருக்கட்டும். ரெகமெண்டேஷன் எழுதப்போகும் டீச்சருக்கும் ஒரு நகல் கொடுங்கள், ஜூனில் ஸ்கூல் மூடுவதற்குள்.

மழைமானி தம்பிக்கு. ஆகஸ்டில் நான் கிளம்பும்வரை சேர்ந்து பார்க்கிறோம். அவன் குழாயைச் சாய்த்துப் பிடிக்கிறான், இன்னும் நேராகப் பிடிக்க வரவில்லை. நேற்று 0.34.