பரிந்து பேசியவரைத் தேடிப் பிடிக்கும் விருது

குழந்தைகளுக்காகவும் குடும்பங்களுக்காகவும் உழைப்பவர்களைக் கௌரவிக்கலாம் என்று ஒரு சங்கமோ நூலகமோ பள்ளியோ முடிவெடுத்தால், பேச்சு முதலில் மண்டபத்துக்கும் கேடயத்துக்கும்தான் போகும். சிறப்பு விருந்தினர் யார் என்பதிலேயே இரண்டு கூட்டம் கழிந்துவிடும். பரிந்துரைப் படிவத்தைக் கடைசி வாரத்தில் யாராவது அவசரமாகத் தட்டச்சு செய்வார்கள். விருதின் தரம் அந்தப் படிவத்தில்தான் முடிவாகிறது.

யாருக்கு இந்த விருது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 'சமூக சேவகர்' என்று எழுதினால் நோட்டுப் புத்தகம் வழங்கியவர், மருத்துவ முகாம் நடத்தியவர், நன்கொடை தந்தவர் எல்லாரும் அதற்குள் வந்துவிடுவார்கள். அவை நல்ல காரியங்கள்தாம். ஆனால் இங்கே தேடுவது வேறு ஆளை. சேர்க்கை மறுக்கப்பட்ட பிள்ளைக்காகப் பள்ளி வாசலுக்கு மூன்றாவது முறையும் போனவர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு தாயோடு நீதிமன்றத்துக்குத் துணைக்குப் போனவர். தன் குழந்தையின் குறைபாட்டுக்கு வழி தேடப் போய், அதே நிலையில் இருக்கும் பத்துக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு விதியையே மாற்ற வைத்த தகப்பன். இவர்களைப் பரிந்து பேசுபவர்கள் என்று சொல்லலாம். பரிந்துரை என்ற சொல்லிலும் அதே பரிவு இருக்கிறது. பிறருக்காகப் பரிந்து பேசியவருக்காக, இப்போது இன்னொருவர் பரிந்து உரைக்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இப்படிப்பட்டவர் தானாக விண்ணப்பிக்க மாட்டார். அவரால் பயனடைந்த குடும்பத்துக்கோ நான்கு பக்கப் படிவத்தை நிரப்ப நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது. எழுதித்தர ஆள் வைத்திருக்கும் பெரிய அமைப்புகளிலிருந்து மட்டும் பரிந்துரைகள் வந்து குவியும். ஆகவே கேள்விகள் நான்குக்கு மேல் வேண்டாம்: கடந்த இரண்டு ஆண்டுகளில் அவர் செய்தது என்ன, அதனால் யாருக்கு என்ன மாறியது, எந்தத் தடையைத் தாண்டினார், இதை அறிந்த வேறு இருவர் யார். ஒரு பதிலுக்கு 150 சொல் போதும். குரல் பதிவாக அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொல்வதைக் கேட்டு எழுதி, திரும்பப் படித்துக் காட்ட ஒரு தன்னார்வலரை நியமியுங்கள். சம்பளத்துக்கு இந்த வேலை செய்பவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் தனித்தனிப் பிரிவு வையுங்கள். பிரிவுகள் மூன்றைத் தாண்டினால் ஆள் தேடி நிரப்பும் நிலை வந்துவிடும்.

நாள்கணக்கையும் பார்த்துவிடலாம். ஐ.நா. பொதுச்சபை குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது 1989 நவம்பர் 20 அன்று. உலகக் குழந்தைகள் தினமும் அதே நாள் என்பதால் பலர் விழாவை அன்று வைக்க விரும்புவார்கள். மே 15, பன்னாட்டுக் குடும்ப தினம், இன்னொரு பொருத்தமான நாள். நவம்பரில் விழா என்றால் ஜூன் நடுவில் அறிவிப்பு, ஆறு வாரம் பரிந்துரைக்கு, ஆகஸ்ட் முழுவதும் சரிபார்ப்புக்கு, செப்டம்பரில் நடுவர் கூட்டம், அக்டோபர் முதல் வாரம் தேர்வானவருக்குத் தகவல். சரிபார்ப்புக்கு ஒரு மாதமா என்று கேட்பார்கள். அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்க வேண்டாம் என்பேன்.

ஏனென்றால் இந்த விருது ஒரு நம்பிக்கைச் சான்றிதழ். 'குழந்தைகளின் காவலர்' என்ற பட்டத்தோடு ஒருவர் போனால் பள்ளிகளும் விடுதிகளும் கேள்வி கேட்காமல் கதவைத் திறக்கும். தீய நோக்கமுள்ளவர் தேடுவதும் அப்படிப்பட்ட பட்டத்தைத்தான். ஆகவே இறுதிப் பட்டியலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் எழுத்து வழியாகச் சம்மதம் பெற்று, அந்தந்த நாட்டின் சட்டம் அனுமதிக்கும் பின்னணிச் சோதனையைச் செய்ய வேண்டும். படிவத்தில் உள்ள இருவரோடு நிற்காமல், அவரோடு வேலை செய்த, பரிந்துரையில் பெயர் இல்லாத ஒருவரிடமும் பேசுங்கள். 'குழந்தைகளை இவர் பொறுப்பில் விடுவதில் உங்களுக்கு ஏதாவது தயக்கம் உண்டா?' என்று நேராகவே கேளுங்கள். பதிலுக்கு முன் வரும் மௌனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அது குற்றத்துக்குச் சான்று ஆகாது, இன்னும் ஒருவரிடம் விசாரிக்கப் போதுமான காரணம். கொடுத்த விருதைத் திரும்பப் பெறும் விதியை முதல் ஆண்டே எழுதி வைத்துவிடுங்கள். பிரச்சினை வந்தபிறகு எழுதினால் அது ஒருவரைக் குறிவைத்து எழுதியதாகத் தோன்றும்.

நடுவர்கள் ஐந்து அல்லது ஏழு பேர். அவர்களில் ஒருவர் பெற்றோராகவும், ஒருவர் சிறுவயதில் காப்பகத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ வளர்ந்தவராகவும் இருந்தால் மதிப்பீட்டின் கோணமே மாறும். பணம் தரும் நிறுவனத்தார் நடுவராக வேண்டாம். 100 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: குடும்பங்களின் வாழ்வில் வந்த மாற்றம் 40, அவர் விலகினாலும் நிலைக்கக்கூடிய விதி மாற்றமோ நடைமுறையோ 25, குழந்தையின் சொல்லைக் கேட்டு நடந்த விதம் 20, விடாமுயற்சி 15. எல்லாரும் வீட்டிலிருந்தே மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டுத்தான் கூட்டத்துக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் முதலில் பேசுபவர் மற்றவர்களின் மதிப்பெண்ணையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார். 20 மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் உள்ள பெயர்களில்தான் விவாதத்துக்கு நேரம் செலவிட வேண்டும். தெரிந்தவர் பெயர் வந்தால் அந்த நடுவர் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்காரட்டும். நன்றாக எழுதப்பட்ட பரிந்துரை ஜெயிப்பதும் வழக்கமான தவறு. அதைத் தவிர்க்க, எல்லாப் பரிந்துரைகளையும் ஒருவரே ஒரு பக்கச் சுருக்கமாக, ஒரே நடையில், பெயர்களை நீக்கி எழுதித் தரலாம்.

குழந்தைகளுக்கும் இதில் இடம் உண்டு. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு தருகிறது. போலந்தில் 1968 முதல் வழங்கப்படும் 'புன்னகை விருது' குழந்தைகளின் பரிந்துரையின்பேரில் பெரியவர்களுக்குத் தரப்படுவது. பெறுபவர் எலுமிச்சைச் சாற்றைக் குடித்துவிட்டு முகம் சுளிக்காமல் சிரிக்க வேண்டும் என்பது அதன் சடங்கு. 12 முதல் 17 வயது வரையுள்ள எட்டுப் பேரைக் கூட்டி, ஒரு பிரிவை முழுக்க அவர்களிடமே ஒப்படைத்துப் பாருங்கள். பெரியவர்கள் கவனிக்காத ஒன்றை அவர்கள் கேட்பார்கள்: 'இவர் எங்களிடம் எப்படிப் பேசுவார்?'

பாராட்டுரை எழுதும்போதுதான் பெரும் சேதம் நடக்கிறது. 'தந்தையால் கைவிடப்பட்ட, இன்ன ஊரைச் சேர்ந்த பதினொரு வயது இரட்டையரை மீட்டவர்' என்று படித்தால், பெயரே சொல்லாவிட்டாலும் ஊருக்கே தெரிந்துவிடும். வயது, ஊர், அரிய நோய், இரட்டையர், உடன்பிறந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலே பிள்ளையின் அடையாளம் வெளிப்பட்டுவிடலாம். அந்தரங்கம் காக்கப்படுவது குழந்தையின் உரிமை என்று உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு சொல்கிறது. விருது பெறுபவரின் செயலை எழுவாயாக வைத்து எழுதுங்கள்: 'இடைநின்ற பிள்ளைகள் ஆவணம் இல்லாமலே மீண்டும் பள்ளியில் சேரும் நடைமுறைக்காக நான்கு ஆண்டுகள் போராடி, அதைப் பெற்றுத் தந்தவர்.' இதில் எந்தப் பிள்ளையின் துயரமும் காட்சிக்கு வரவில்லை, அவர் உழைப்பும் குறையவில்லை.

உதவி பெற்ற பிள்ளையை மேடையேற்றி நன்றி சொல்ல வைக்காதீர்கள். அம்மா சம்மதித்தாரே என்பது போதாது. உதவியவரே கேட்கும்போது அந்தக் குடும்பத்தால் மறுக்க முடியாது. ஒன்பது வயதில் ஆசையாக மேடையேறிய பிள்ளைக்குப் பதினாறு வயதில் அந்தக் காணொளி சுமையாகலாம். குடும்பங்கள் பார்வையாளர்களாக வரட்டும், சிறுபிள்ளைகளுக்கு ஓர் அறையும், அங்கே குறைந்தது இரண்டு பெரியவர்களும் இருக்கட்டும். நிகழ்ச்சி 90 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். விருது பெறுபவருக்குப் பயணச் செலவும், விடுப்பால் இழக்கும் கூலியும் முன்கூட்டியே கிடைக்க வேண்டும். பரிசுத் தொகையை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள்.

தேர்வாகாதவர்களுக்கும், அவர்களைப் பரிந்துரைத்தவர்களின் அனுமதியோடு ஒரு கடிதம் போகட்டும், அவர் உழைப்பைப் பற்றி எழுதப்பட்ட இரண்டு வரியோடு. பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பரிந்துரைகளில் குடும்பங்களின் வழக்கு, நோய், சண்டை எல்லாம் கிடக்கும். விருதாளரின் படிவத்தை மட்டும் பூட்டி வைத்துவிட்டு, மற்றவற்றை ஆறு மாதத்துக்குள் அழித்துவிடுங்கள். நடுவர்களின் மின்னஞ்சலிலும், மடிக்கணினிகளிலும், வாட்ஸ்அப் குழுவிலும் உள்ள பிரதிகளையும் சேர்த்து.