குட்டி போடப் போகும் நாய்: பயப்பட வேண்டாததும் பயப்பட வேண்டியதும்

சினை நாய் வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து ராத்திரி நேரத்தில் வரும் போன்களில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். நாய் நடுங்குகிறது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறது, சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது, ஒரு தடவை வாந்தியும் எடுத்தது, இப்போது என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம், பக்கத்தில் இருங்கள் என்பேன். அதே ஆட்கள் "காலையிலேயே பச்சையாக ஏதோ பட்டது, ஆனால் நாய் சாதுவாகத்தான் படுத்திருக்கிறது" என்று போகிற போக்கில் சொல்லும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். பார்க்க பயமாக இருப்பது பெரும்பாலும் இயல்பானது, சத்தமில்லாமல் நடப்பதுதான் பல நேரம் ஆபத்து. நாய்ப் பிரசவத்தில் இது தலைகீழாகப் பதிந்துவிடுவதால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை, நாய்களோடு ரொம்ப காலமாக இருப்பவன், அவ்வளவுதான்.

முதலில் தேதி. எல்லோரும் 63 நாள் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கு தப்பில்லை, ஆனால் அது கருமுட்டை வெளியான நாளிலிருந்து எண்ண வேண்டியது. நமக்குத் தெரிவதோ இணை சேர்ந்த தேதி மட்டும்தான். நாய்க்குக் கருமுட்டை வெளியே வந்தாலும் அது முதிர்ந்து தயாராக இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும், ஆணின் விந்தணுவோ உள்ளே ஒரு வாரம் வரைகூட உயிரோடு காத்திருக்கும். அதனால் இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57-ஆவது நாளிலும் குட்டி வரலாம், 70 தாண்டியும் வரலாம். 63-ஆம் நாள் விடிந்ததும் "இன்னும் காணோமே" என்று பதறுவதில் அர்த்தமில்லை. 57-இலிருந்தே தயாராக இருங்கள். 70 நெருங்கியும் எந்த அறிகுறியும் இல்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வயிற்றில் ஒன்றே ஒன்று இருந்தால் பிரசவம் தொடங்குவதே தாமதமாகும், ஏனென்றால் "நேரம் வந்துவிட்டது" என்ற சமிக்ஞை குட்டிகளிடமிருந்துதான் தாய்க்குப் போகிறது, ஒற்றைக் குட்டியின் சமிக்ஞை சில நேரம் போதாமல் போய்விடும்.

55-ஆவது நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அதற்குள் குட்டிகளின் எலும்பு நன்றாகத் தெரியும், மண்டையை எண்ணியே எத்தனை என்று சொல்லிவிடுவார்கள். பிரசவம் முடிந்ததா, உள்ளே இன்னும் ஒன்று இருக்கிறதா என்ற கேள்வி வரும்போது இந்த எண்ணிக்கை கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது தெர்மாமீட்டர். எல்லா அறிகுறிகளிலும் நான் அதிகம் நம்புவது இதைத்தான், சோம்பலால் பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். நாயின் சாதாரண உடல் சூடு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை, பாரன்ஹீட்டில் சொன்னால் 100.5 முதல் 102.5. சினையின் கடைசி வாரத்தில் இது கொஞ்சம் குறைவாகவே ஓடும். பிரசவத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்னால் திடீரென்று 37.2-க்கு, அதாவது 99 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும். சினையைக் காத்துக்கொண்டிருந்த புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் சரிவதால்தான் இந்த இறக்கம். அது நடந்துவிட்டால் பொதுவாக 12 முதல் 24 மணி நேரத்துக்குள் பிரசவம் தொடங்கிவிடும். சின்ன இன நாய்களில் இறக்கம் நன்றாகத் தெரியும், பெரிய இனங்களில் அவ்வளவு ஆழமாக இறங்காது, அதனால் வெறும் எண்ணைப் பார்க்காமல் உங்கள் நாயின் வழக்கமான சூட்டிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். அது தெரிய வேண்டுமென்றால் முன்பே சில நாள் எடுத்துக் குறித்து வைத்திருக்க வேண்டும் இல்லையா? அதனால் 55-ஆம் நாள் வாக்கிலேயே ஆரம்பித்துவிடுங்கள், காலையிலும் மாலையிலும், நாய் ஓய்வாக இருக்கும்போது, ஏறக்குறைய ஒரே நேரத்தில். இறங்கிய சூடு சில மணி நேரத்திலேயே திரும்ப ஏறிவிடும், ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் பார்ப்பவர்கள் அதைத் தவறவிட்டுவிட்டு "எங்கள் நாய்க்கு இறங்கவே இல்லை" என்பார்கள்.

எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் வாசலின் தடவி, வாலை மெதுவாகத் தூக்கி, ஆசனவாய்க்குள் முனை மறையும் அளவுக்கு மட்டும் செலுத்தி, பீப் சத்தம் வரும்வரை பிடித்திருந்தால் போதும். எங்கள் செம்பி முதல் நாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இவனிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்கிற மாதிரி திரும்பிப் பார்த்தாள். போகப் போக வாலைத் தொட்டாலே சலிப்போடு நின்றுகொள்வாள். மூக்கைத் தொட்டுப் பார்ப்பது, காதைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் இந்த வேலைக்கு ஆகாது.

ஒரு எச்சரிக்கை. சூடு இறங்கி 24 மணி நேரம் ஆகியும் நாய் முக்க ஆரம்பிக்கவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். நாய் நிம்மதியாகத் தூங்குகிறதே என்று விட்டுவிடுகிற இடம் இதுதான்.

இடம் தேடுவது இன்னொரு அறிகுறி, இதைக் கவனிக்காமல் இருக்கவே முடியாது. செம்பி கட்டிலுக்கு அடியில் புகுந்து தரையை இரண்டு முன்னங்காலாலும் பரபரவென்று பறிப்பாள், சிமெண்டுத் தரையில் நகம் கீறும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். அப்புறம் மூன்று சுற்று சுற்றிப் படுப்பாள், உடனே எழுந்துகொள்வாள், திரும்பவும் பறிப்பாள். விரித்துக் கொடுத்த பழைய போர்வையை வாயால் இழுத்து ஒரு ஓரமாகக் குவித்து வைத்துவிட்டு வெறும் தரையிலேயே படுப்பாள். சில நாய்கள் இதைப் பிரசவத்துக்கு ஒரு நாள் முன்னால் செய்யும், சில ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடும், அதனால் இதை வைத்து நேரம் கணிக்க முடியாது. நீங்கள் ஒதுக்கி வைத்த இடம் வேண்டாம், துணி அலமாரியின் அடித்தட்டுதான் வேண்டும் என்று அடம் பிடிப்பதும் நடக்கும், ஆகவே குட்டி போடும் பெட்டியை இரண்டு வாரம் முன்பே வைத்து அதில் படுத்துப் பழக விடுங்கள். எப்போதும் தனியாக இருக்கும் நாய் காலைச் சுற்றிச் சுற்றி வரும், எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும் நாய் ஒளிந்துகொள்ளும். இரண்டும் சரிதான்.

ஆனால் பறிப்பதையும் பால் ஊறுவதையும் மட்டும் வைத்துச் சினை என்று முடிவு கட்டாதீர்கள். ஹீட், அதாவது இணை சேரும் பருவம், முடிந்து ஒன்றரை இரண்டு மாதத்தில், வயிற்றில் ஒரு குட்டியும் இல்லாமலே, இதே ஆட்டமெல்லாம் ஆடும் நாய்கள் உண்டு. பொய்ச் சினை. பொம்மையைக் குட்டியாக நினைத்து அணைத்துக்கொண்டு யாரையும் பக்கத்தில் விடாது. ஸ்கேனோ எக்ஸ்ரேயோ எடுக்காமல் நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் ஏமாறுவது இப்படித்தான்.

பால் விஷயத்தில் என் கருத்து, அதை நம்பாதீர்கள். ஏற்கனவே குட்டி போட்ட நாய்க்கு ஒரு வாரம் முன்னாலேயே காம்பை அழுத்தினால் பால் வரும், முதல் தடவை போடும் நாய்க்குப் பல நேரம் குட்டி போடும் நாள் வரை பாலே இறங்காது. சும்மா சும்மா அழுத்திப் பார்க்கவும் வேண்டாம்.

உடம்பில் தெரியும் மாற்றத்தைப் பக்கவாட்டில் பார்ப்பதைவிட மேலிருந்து பார்த்தால் நன்றாகப் பிடிபடும். அதுவரை பீப்பாய் மாதிரி இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்த வயிறு கீழே இறங்கிவிடும், இடுப்புக்கு முன்னால் இரண்டு பக்கமும் லேசாகக் குழி விழும், முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். இடுப்பைச் சுற்றியுள்ள தசைநார்கள் தளர்வதால் வருவது இது. பிறப்புறுப்பு வீங்கி மெத்தென்று ஆகும், முட்டையின் வெள்ளைக்கரு போல கண்ணாடி நிறத்தில் கொழகொழவென்று நூலாக ஒழுகும். சிலவற்றுக்குச் சில நாள் முன்பே ஒழுகும், சில நாய்கள் நக்கியே சுத்தம் செய்துவிடுவதால் நம் கண்ணில் படவே படாது. தெளிவாகவோ வெண்மையாகவோ இருந்து நாற்றம் இல்லாமல் இருந்தால் கவலை வேண்டாம். அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் மலம் கொஞ்சம் இளகிப் போவதும் இந்த நேரத்தில் சகஜம். வெளியே விடும்போது கூடவே போங்கள், ராத்திரி என்றால் டார்ச்சோடு. மலம் கழிக்கிற மாதிரி குந்தும் இடத்திலேயே குட்டி விழுந்துவிடுவது உண்டு.

இனி அந்த நடுக்கத்துக்கு வருவோம். கர்ப்பப்பை சுருங்க ஆரம்பித்துவிட்டது, கர்ப்பப்பையின் வாய் திறந்துகொண்டிருக்கிறது, ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது. நமக்குத் தெரிவதெல்லாம் நாய் இரைப்பது, நடுங்குவது, எழுவது, படுப்பது, பின்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, நக்குவது, தின்ன மறுப்பது, ஓரிரு முறை வாந்தி எடுப்பது. இந்தக் கட்டம் வழக்கமாக 6 முதல் 12 மணி நேரம் ஓடும், 24 வரை போவதும் உண்டு, முதல் பிரசவமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். சாப்பிடாமல் இருப்பது நல்ல அறிகுறி, ஆனால் கட்டாய அறிகுறி இல்லை, முதல் குட்டி வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்புவரை தட்டை நக்கிய நாய்களும் இருக்கின்றன. தண்ணீர் வையுங்கள், விளக்கைக் குறையுங்கள், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைக் கலையுங்கள். பயந்துபோன நாய் வலியை அப்படியே நிறுத்திவைத்துவிடும், ஆகவே பிரசவத்துக்குத் தடையாக இருப்பது பல நேரம் வீட்டு ஆட்களின் ஆர்வம்தான்.

நடுக்கத்தைப் பார்த்ததும் கால்சியம் குறைந்துவிட்டது என்று வாயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கால்சியம் குறைந்து வரும் நடுக்கம் வேறு மாதிரி இருக்கும், கால்கள் விறைக்கும், நடை தள்ளாடும், தசை துள்ளும், காய்ச்சல் ஏறும், அதுவும் பெரும்பாலும் குட்டி போட்ட பிறகு பால் கொடுக்கும் வாரங்களில்தான், சின்ன இன நாய்களில் அதிகம். சினைக் காலத்தில் டாக்டர் சொல்லாமல் கால்சியம் கொடுத்துக்கொண்டே இருந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடும், பிற்பாடு அதுவே இந்த ஆபத்தைக் கூட்டும். வலி வர ஊசி போடுகிறேன் என்று யாராவது வீட்டுக்கே வந்தாலும் விடாதீர்கள், குட்டி குறுக்கே அடைத்திருக்கும்போது ஆக்சிடோசின் போட்டால் கர்ப்பப்பையே கிழியலாம்.

முக்கல் தொடங்கினால் தெரிந்துவிடும். வால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், வயிறு இறுகும், உடம்பு முழுவதும் ஒரு அலை பின்னோக்கிப் போகும். முதல் குட்டி வர ஒன்று இரண்டு மணி நேரம் பிடிக்கலாம், ஆனால் பலமாக, விடாமல் முக்கி 30 நிமிடத்தில் ஒன்றும் வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். சாம்பல் நிறத்தில் நீர்க்குமிழி போலப் பனிக்குடம் எட்டிப் பார்க்கும். வால் பக்கமாக, பின்னங்கால் முதலில் வந்தால் அலற வேண்டாம், நாய்க்குட்டிகளில் பத்துக்கு நாலு அப்படித்தான் வரும். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் அரை மணி, ஒரு மணி நேரம் ஓய்வெடுப்பது இயல்பு. உள்ளே இன்னும் குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை என்றால் போன் பண்ணுங்கள்.

கடைசியாக அந்தப் பச்சை. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரியும்போது வரும் நிறம் அது. முதல் குட்டி பிறந்த பிறகு கரும்பச்சையாக எவ்வளவு பட்டாலும் சரி. முதல் குட்டி வருவதற்கு முன்பே பச்சை தெரிந்து, அடுத்த சில நிமிடங்களில் குட்டி வரவில்லை என்றால், உள்ளே எந்தக் குட்டிக்கோ தாயிடமிருந்து வரும் ஆக்சிஜன் அறுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நாய் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அந்த நிமிடமே வண்டியை எடுங்கள். சிவப்பு ரத்தம் கொட்டுவது, துர்நாற்றத்தோடு சீழ் போல வருவது, நாய் எழ முடியாமல் துவண்டுபோவது, இவற்றுக்கும் அதே அவசரம்தான். புல்டாக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை மூஞ்சி இனங்களுக்குக் குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு குறுகல், பலவற்றுக்கும் சிசேரியன்தான் முடிவாகிறது, அதனால் டாக்டரிடம் தேதியை முன்பே பேசிவைத்துவிடுங்கள். மற்றவர்களும் ராத்திரியில் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று 57-ஆம் நாளுக்கு முன்பே விசாரித்து, நம்பரைப் போனில் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது பிறந்த குட்டிகளையும் ஒரு பெட்டியில் துணி விரித்துக் கூடவே கொண்டுபோங்கள், அவற்றால் தம் உடம்புச் சூட்டைத் தாமே காத்துக்கொள்ள முடியாது.