மற்றச் சமன்பாட்டில் போட்டுப் பார்

1992ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நான் பத்தாம் ஆண்டு மாணவன். மின்சாரம் நின்று இரண்டு வருடங்களாகியிருந்தன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி ஏற்றிய விளக்கில்தான் வீட்டுக்கணக்குச் செய்தோம். கொப்பிக்கும் தட்டுப்பாடு. பென்சிலால் எழுதி, அழித்து, அதன் மேலேயே திரும்ப எழுதுவேன். தெரியாத இரண்டு எண்களை இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துக் கண்டுபிடிக்கும் ஒருங்கமை சமன்பாடுகளைப் படித்தது அந்த வெளிச்சத்தில்தான்.

ஒருநாள் எங்கள் கணித மாஸ்டர் கரும்பலகையில் எழுதினார்: 3 தேங்காயும் 2 மாங்காயும் 34 ரூபாய், 2 தேங்காயும் 3 மாங்காயும் 31 ரூபாய். நான் எழுந்து போய் முதலாவதை 3 ஆலும் இரண்டாவதை 2 ஆலும் பெருக்கினேன். இரண்டிலும் 6 மாங்காய்கள் வந்தன. கழித்தேன், 5 தேங்காய் 40 ரூபாய். தேங்காய் 8, மாங்காய் 5.

"சரி தம்பி. இப்போது பெருக்காமல் இரண்டு வரியையும் அப்படியே கூட்டிப் பார்" என்றார்.

கூட்டினால் 5 தேங்காயும் 5 மாங்காயும் 65 ரூபாய். அப்படியானால் ஒரு தேங்காயும் ஒரு மாங்காயும் சேர்ந்து 13. கழித்தால், மாங்காயைவிடத் தேங்காய் 3 ரூபாய் கூட. எழுதவே தேவையில்லை, விடை மனத்திலேயே வந்துவிட்டது. எண்ணெயையும் தாளையும் எண்ணி எண்ணிச் செலவழித்த எங்களுக்கு அந்தக் குறுக்குவழி எவ்வளவு பெரிய கொடை!

அதைவிடப் பெரிதாக நான் மதிப்பது அவருடைய இன்னொரு பிடிவாதத்தை. தேங்காயின் விலையை முதலாவது சமன்பாட்டில் பிரதியிட்டு மாங்காயின் விலையைக் கண்டோம் என்றால், அதே சமன்பாட்டில் சரிபார்க்க விடமாட்டார். தேங்காய் விலை பிழையாக இருந்தாலும் அது பொருந்தத்தான் செய்யும். "மற்றதில் போட்டுப் பார்" என்பார். விடைக்குக் கீழே அந்த வரி இல்லாவிட்டால் கொப்பி திரும்பி வந்துவிடும்.

பல ஆண்டுகள் கழித்து, ரொறன்ரோ நூலகம் ஒன்றில், ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைமையான 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற சீனக் கணித நூலின் மொழிபெயர்ப்பைப் புரட்டினேன். எண்ணற்குச்சிகளைப் பலகையில் நிரல் நிரலாக அடுக்கிச் சமன்பாடுகளைத் தீர்த்தவர்கள் அவர்கள். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு கணக்கு: 5 மாடும் 2 ஆடும் 10 லியாங் பொன் (லியாங் என்பது பழைய சீன நிறை அளவு), 2 மாடும் 5 ஆடும் 8 லியாங். மாஸ்டரின் தேங்காயும் மாங்காயும் இதே அமைப்புத்தானே! நின்ற இடத்திலேயே கண் கலங்கிவிட்டது.

சென்ற மாதம் மகளுக்கு அந்தக் கணக்கைக் கொடுத்தேன். கூட்டினாள், கழித்தாள். மாடு 34/21, ஆடு 20/21 என்று வந்தது. "முழு எண்ணாக வரவில்லையே அப்பா, பிழையோ?" என்று அழிறப்பரை எடுத்தாள்.

"அழிக்காதே, சமன்பாட்டில் போட்டுப் பார்" என்றேன்.

இரண்டாவதில் போட்டாள். 68உம் 100உம் 168. அதை 21 ஆல் வகுத்தாள். எட்டு.