பாம்பன் என்று சொல்லிப் பாருங்கள்

மண்டபத்தில் இருக்கும் அண்ணன் மகள் இங்கிலீஷ் நன்றாக எழுதுவாள். பேசச் சொன்னால் மட்டும், "போங்க சித்தப்பா, சிரிப்பாங்க" என்று நழுவிவிடுவாள்.

நம்ம இராமேஸ்வரத்துக் கலாம் 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேசியதைப் போட்டுக் காட்டினேன். உச்சரிப்பில் ஊர் வாடை அப்படியே இருக்கும். ஆனால் அவசரமே இல்லை, எந்தச் சொல்லையும் விழுங்கவும் மாட்டார்.

'பாம்பன்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் பகரம் வேறு, இரண்டாவது வேறு; இரண்டாவதில் தொண்டை அதிரும். இரண்டு ஒலியும் நம் வாயிலேயே இருக்கின்றன. அந்த அதிரும் ஒலி இங்கிலீஷில் சொல்லின் முதலிலும் வரும், அவ்வளவுதான். ஃபேனுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் அது தலையில் ஊரும் பேன்தான்!

எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிவது அழுத்தம். ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில் அழுத்தம். ஃபோட்டோகிராஃபி என்றால் அது இரண்டாவது அசைக்கு நகர்ந்துவிடும். நாம் எல்லாவற்றையும் ஒரே கனத்தில் தட்டிவிடுகிறோம். தனுஷ்கோடிக்கு வரும் வெளிநாட்டுக்காரர் முழிக்காமல் என்ன செய்வார்? அப்புறம் பஸ்ஸு, புக்கு என்று ஒட்டிக்கொள்ளும் அந்த உகரம். சரி, அது மெதுவாகப் போகட்டும்.

கச்சான் காற்று அடிக்கும்போது கடற்கரையில் நின்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறேன், பக்கத்தில் யாருக்கும் கேட்காது. செல்போனில் பதிவு செய்து கேட்பதை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும்; வெளியே காற்று இரைச்சல்தான் பதியும்.