கடல் விலகிப்போன துறைகள்

பின்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள வாசா நகரத்துக்கு ஓர் ஆகஸ்ட் மாதத்தில் சென்றிருந்தபோது, நான் முதலில் பார்க்கப் போனது இன்றைய நகரத்தை அல்ல. அங்கிருந்து ஏறக்குறைய 7 கிலோமீட்டர் தென்கிழக்கே, மரங்களுக்கு நடுவில் கூரையின்றி நிற்கும் புனித மரியாள் தேவாலயத்தின் இடிந்த சுவர்களையே தேடிப் போனேன். 1606-இல் நிறுவப்பட்ட பழைய வாசா அந்த இடத்தில்தான் இருந்தது. 1852 ஆகஸ்டில் மூண்ட தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது; பத்து ஆண்டுகள் கழித்துப் புதிய நகரம் கடலுக்கு அருகே எழுந்தது. ஊரை அதே இடத்தில் மீண்டும் கட்டாததற்குக் காரணம் இருந்தது. தீப்பற்றுவதற்கு வெகுகாலம் முன்பே பழைய ஊரின் துறையில் ஆழம் குறைந்து, கப்பல்கள் வந்து சேர முடியாத நிலை ஏற்பட்டிருந்தது. அந்தச் சுவரருகே நின்றபோது கடற்காற்றின் வாடைகூட எனக்கு எட்டவில்லை.

துறையை மேடாக்கியது ஆற்று மணலின் வேலை என்றுதான் நம் ஊர்க் கழிமுகங்களைப் பார்த்துப் பழகிய யாரும் முதலில் நினைப்போம். இங்கே நடந்தது வேறு. நிலமே உயர்ந்துகொண்டிருக்கிறது. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், ஸ்காண்டிநேவியாவையும் பின்லாந்தையும் மூடிக் கிடந்த பனிப்பாளம் சில இடங்களில் 3 கிலோமீட்டர் தடிமன் கொண்டிருந்தது. அந்தப் பாரத்தைத் தாங்காமல் பூமியின் மேலோடு நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே அமிழ்ந்தது; அதற்கு அடியில், வெப்பத்தால் மிக மெதுவாக நெகிழக்கூடிய பாறை பக்கவாட்டில் ஒதுங்கியது. ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியைவிட்டுப் பனி நீங்கியதும், ஒதுங்கிய பாறை திரும்பிவரத் தொடங்கியது. கனத்த ஆள் எழுந்துபோன பிறகு இலவம்பஞ்சு மெத்தையின் பள்ளம் மெல்ல மெல்ல நிரம்புவதைப் போன்றது இது. ஆனால் இந்த மெத்தைக்குப் பத்தாயிரம் ஆண்டுகளும் போதவில்லை. இன்றும் இங்கே நிலம் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டருக்கு மேல் உயர்கிறது.

மறுநாள், 1997-இல் திறக்கப்பட்ட ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள பாலத்தைக் கடந்து ரெப்லோட் தீவுக்கும், அங்கிருந்து வடக்கே, ஸ்வீடிஷ் பேசும் மக்கள் வாழும் பியோர்க்கோபி கிராமத்துக்கும் சென்றேன். வழிநெடுகக் கடலுக்குள் பாறைகள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. பனி எங்கெங்கோ பெயர்த்தெடுத்து வந்து, உருகும்போது போட்டுவிட்டுப் போனவை. ஸ்வெத்யேஹம்ன் என்னும் சிறு துறையில் நிற்கும் சால்ட்காரெட் கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தபோதுதான் அந்த நிலப்பரப்பின் ஒழுங்கு எனக்குப் புலப்பட்டது. கீழே, நீரிலிருந்து சில மீட்டர் மட்டுமே உயர்ந்த நீண்ட மேடுகள், வயல் வரப்புகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக, ஏறக்குறைய சம இடைவெளியில் கிடந்தன. ஆழ்ந்த நீருக்குள் நின்றபடியே பின்வாங்கிய பனிப்பாளத்தின் விளிம்பில், கல்லும் களிமண்ணும் குவிந்து உருவான மொரைன் மேடுகள் அவை. ஸ்வீடன் நாட்டு நிலவியலாளர் யெரார்ட் டெ யேரின் பெயரால் அழைக்கப்படுகின்றன. ஆண்டுக்கு ஒரு மேடு உருவானது என்று அவர் கருதினார்; அதை இன்று எல்லோரும் ஏற்பதில்லை. நாட்குறிப்பாக அவற்றைப் படிக்க முடியாவிட்டாலும், பனி எந்தத் திசையில், எப்படிப் படிப்படியாக விலகியது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் கண்டதில்லை.

இந்த மாற்றத்தை முதலில் கவனித்தவர்கள் கரையோர மக்களே. கடல்நாய்கள் ஏறிப் படுக்கும் தாழ்வான பாறைகள் வேட்டைக்காரர்களுக்குச் சொத்தாக இருந்தன. தலைமுறைகள் கழிந்து பாறை நீர்மட்டத்தைவிட மிகவும் உயர்ந்துவிட்டால் விலங்குகளால் ஏற முடியாது, சொத்தும் மதிப்பிழக்கும். வெப்பமானியால் பெயர்பெற்ற அண்டர்ஸ் செல்சியஸ், 1731-இல் ஸ்வீடன் கரையில் உள்ள லெவ்க்ருண்ட் தீவின் பாறையொன்றில் நீர்மட்டத்தைக் குறித்துவைத்தார். கடல்நீர் குறைந்துவருகிறது என்பது அவருடைய முடிவு. அளவீடு சரி, விளக்கம் தவறு. பனியின் எடையே நிலத்தை அழுத்தியது என்ற கருத்தை ஸ்காட்லாந்தின் தாமஸ் ஜேமீசன் 1865-இல் முன்வைத்தார். செல்சியஸின் குறியை நான் இன்னும் பார்க்கவில்லை. அதற்காகவே இன்னொரு முறை, பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலுள்ள பொத்னியா வளைகுடாவின் மறுகரைக்குப் போக வேண்டும் என்றிருக்கிறேன்.

கோபுரத்திலிருந்து இறங்கி, பூத்வாட்னெட் என்னும் நீர்நிலையைச் சுற்றிச் செல்லும் நடைபாதையில் நடந்தேன். ஒரு காலத்தில் திறந்த கடலாக இருந்து, வாய் குறுகி, ஏரியாக மாறிக்கொண்டிருக்கும் இடம் அது. அதன் கரையில், மீனவர்கள் முன்பு பயன்படுத்திய மரத்தாலான சாம்பல் நிறப் படகுக் கொட்டகைகள் வரிசையாக நிற்கின்றன. படகு வர முடியாமல் போனதால் மக்கள் துறையை ஸ்வெத்யேஹம்னுக்கு மாற்றிக்கொண்டார்கள். கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல முதலில் நாணல், பிறகு முட்புதர், அதன்பின் ஆல்டர் மரங்கள், கடைசியில் அடர்ந்த ஸ்புரூஸ் காடு என்று தாவரங்களே நிலத்தின் வயதைச் சொல்லின. பாதையோரம் என் இடுப்பளவு உயரத்தில் இருந்த ஒரு பாறை விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். கரையிலிருந்து அந்த அளவு உயர்வதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகும்.

இங்கே கரை மிகவும் தட்டையானது என்பதால், சில மில்லிமீட்டர் உயர்வுகூட நீரை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. நான் பார்த்த இந்தத் தீவுகள் அடங்கிய க்வார்கன் தீவுக்கூட்டம் முழுவதிலும் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர் புதுநிலம் கிடைக்கிறது. அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் அவர்களிடம் விடை உண்டு: நீர்ப்பரப்பைப் பொதுவில் வைத்திருக்கும் கிராமத்து உரிமையாளர்களுக்கே அது சேரும். தன் மனைக்கும் நீருக்கும் இடையே புதிதாக முளைத்த நிலத்தை வேண்டுகிறவர் அவர்களுக்குப் பணம் கொடுத்துப் பெற வேண்டும். அப்பாவின் காலத்தில் கடலோரமாக இருந்த கோடைக்குடில், மகனின் காலத்தில் காட்டுக்குள் போய்விடுகிறது.

எதிர்க்கரையில், ஸ்வீடனின் உயர்கரைப் பகுதியில் உள்ள ஸ்குலபெர்கெட் மலையில், பனி நீங்கிய காலத்துக் கடல்மட்டத்தின் அடையாளம் இன்றைய நீரிலிருந்து 286 மீட்டர் உயரத்தில் காணப்படுகிறது. அந்தச் செங்குத்தான கரையும் இந்தத் தட்டையான தீவுகளும் சேர்ந்து 2006 முதல் ஒரே உலகப் பாரம்பரியக் களமாக இருக்கின்றன. உயர்வு இப்படியே தொடர்ந்தால், ஏறக்குறைய 2,000 ஆண்டுகளில் இரு கரைகளும் நிலத்தால் இணைந்து, வடக்கே உள்ள வளைகுடா ஏரியாகிவிடும்.

மாலையில் மீண்டும் ஸ்வெத்யேஹம்னுக்கு வந்தேன். ஒரு முதியவர் படகை மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தார். துறையின் வாயில் அடியைத் தோண்டி ஆழப்படுத்த வேண்டியிருக்கிறது என்றும், தன் பேரன் இங்கே படகு கட்டுவானா, இன்னும் வெளியே போய்க் கட்டுவானா என்று தெரியவில்லை என்றும் அவர் சொன்னார். பிறகு, நீருக்கு மேலே தெரிந்த ஒரு பாறையைக் காட்டி, தான் சிறுவனாக இருந்தபோது அது நீருக்குள் இருந்தது என்றார்.