குமாரா விளையாத தீவு

சிங்கப்பூரில் ஜூலையில் இன நல்லிணக்க நாள் வந்தால் பள்ளிகளில் சேலையும் மலாய் பாஜு குரோங்கும் சீன சியோங்சாமுமாகக் களைகட்டிவிடும், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அடையாள அட்டையிலேயே இனத்துக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிற ஊரில் வளரும் பிள்ளைகள், பண்பாடு ரத்தத்தோடு வருவது, ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அப்படி யாராவது பேசினால் நான் பசிபிக் கடலோடிகளின் கதையை எடுத்துவிடுவேன்.

நம் புளோக்கில் கேட்கிற மலாயும் நியூசிலாந்தின் மாவோரியும் ஒரே மொழிக்குடும்பம். 4,000 ஆண்டுகளுக்கும் முன்னால் தைவானிலிருந்து பிலிப்பைன்ஸ் வழியாகப் பரவியவர்களின் வழிவந்தவர்கள் மேற்கே மடகாஸ்கர் வரைக்கும் கிழக்கே ஈஸ்டர் தீவு வரைக்கும் போயிருக்கிறார்கள், அதுவும் நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்தே. பன்றி, கோழி, நாய், சேப்பங்கிழங்கு, பட்டையை அடித்துத் துணியாக்குகிற மரத்தின் கன்று என்று படகில் ஒரு குடித்தனமே கூடப் போகும்.

13ஆம் நூற்றாண்டு வாக்கில் நியூசிலாந்தில் இறங்கினார்கள். அங்கே குளிர். தென்னை வளரவில்லை, பன்றியும் கோழியும் நிலைக்கவில்லை, பட்டை மரம் வடக்கே மட்டும் ஏதோ பிழைத்தது. சரி என்று ஹரகேகே என்ற செடியின் நீள இலையைச் சிப்பியால் சுரண்டி நார் எடுத்து மேலங்கி நெய்தார்கள். குமாரா என்கிற சர்க்கரைவள்ளிக்கிழங்கு வெப்பத் தீவுகளில் மண்ணிலேயே கிடக்கும். இங்கே உறைபனிக்கு முன் தோண்டி, குழிவெட்டி, மேலே கூரை போட்டுக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அவர்களில் சிலர் 1500 வாக்கில் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாத்தம் தீவுகளுக்குப் போனார்கள். அங்கே குமாராகூட விளையாது. விவசாயத்தை விட்டுவிட்டு சீல், மீன், கடற்பறவை என்று வாழப் பழகி மொரியோரி ஆனார்கள். பெரிய படகுக்கு மரம் இல்லாததால் செடித்தண்டுகளில் தெப்பம் கட்டினார்கள். நூனுக்கு என்ற தலைவர் கொலையையே தடைசெய்தார்: சண்டை வந்தால் கட்டைவிரல் தடிமன் கோலால்தான் அடித்துக்கொள்ளலாம், ரத்தம் கண்டதும் நிறுத்திவிட வேண்டும். போர்வீரத்தைக் கொண்டாடிய மாவோரியும் கொலையை ஒதுக்கிய மொரியோரியும் சில நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரே மக்கள்!

1835இல் மாவோரிகள் ஒரு பிரிட்டிஷ் கப்பலில் வந்து அந்தத் தீவுகளைப் பிடித்தபோது மொரியோரிகள் கூடிப் பேசி, நூனுக்குவின் சட்டத்தை மீறுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். நிறையப் பேர் கொல்லப்பட்டார்கள், மிஞ்சியவர்கள் அடிமைகளானார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. மொரியோரிகள் வேறு இனம், மாவோரிகளுக்கு முந்தியவர்கள், மட்டமானவர்கள், அழிந்தே போய்விட்டார்கள் என்று நியூசிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எல்லாமே பொய். அவர்களின் பேரப்பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போதே! அந்தப் பொய்யில் தன் பங்கும் உண்டு என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது, 2021இல் சட்டமான உடன்பாட்டில்தான்.